பவர் ரேக்: விசைவாரியா, கொழிப்பானா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

ட்ராக்டரில் மாட்டும் ஒரு கருவிக்கான ஓட்டுநர் கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். ஆங்கிலத்தில் அதற்குப் பவர் ரேக் என்று பெயர் (ரேக் என்றால் பல் வைத்த வாரி). அமெரிக்காவில் வீடு கட்டி முடித்த மனையில் கல்லைக் களைந்து, புல் விதைக்க மண்ணைப் பதமாக்குகிறவர்கள் கையில் அதிகம் புழங்குவது. 'ஆற்றல் வாரி' என்று போட்டுப் பார்த்தேன். யோகா வகுப்பு விளம்பரம் போல இருக்கிறது. வேறு சொல் சொல்லுங்கள்.

---

> ஆற்றல் வாரி

வேண்டாம் ஐயா. இங்கே பவர் என்றால் பி.டி.ஓ.வில், அதாவது எஞ்சின் விசையைக் கருவிக்குக் கொடுக்கும் ட்ராக்டரின் சுழல்தண்டில், ஓடுகிறது என்பதுதான். சாதாரண ரேக்கை ட்ராக்டர் சும்மா இழுத்துக்கொண்டு போகும், அதில் எதுவும் சுற்றாது. இதில் உருளை சுற்றுகிறது. இந்த வேறுபாட்டைச் சொல்ல நம்மிடம் எப்போதோ ஒரு சொல் வந்துவிட்டது: விசைத்தறி, விசைப்படகு, விசைத்தெளிப்பான். அந்த வழியில் விசைவாரி. கல்லையும் பெயரில் கொண்டுவர வேண்டுமானால் கல்வாரி.

---

> கல்வாரி

ஏசுவைச் சிலுவையில் அறைந்த குன்றின் பெயராயிற்றே! தவக்காலத்தில் இதை அச்சிட்டால் விற்பனை நன்றாக இருக்கும்! 'கல்வாரியை ட்ராக்டரில் மாட்டவும்' என்று படித்ததும் எங்கள் வீட்டில் பாதிப் பேர் சிலுவைக்குறி போடுவார்கள். இதே பெயரில் கடற்படையில் நீர்மூழ்கிக் கப்பலும் உண்டு, 2017இல் சேர்ந்தது.

யாராவது அடுத்து 'கல்பொறுக்கி' என்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன். 'பொறுக்கியை ட்ராக்டரிலிருந்து கழற்றும்போது கவனம் தேவை' என்றெல்லாம் கையேட்டில் வரும். தவிர, கல்லைப் பொறுக்கித் தொட்டியில் சேர்க்கும் இயந்திரம் வேறு. பவர் ரேக் எதையும் பொறுக்குவதில்லை, ஒதுக்கிவிட்டுப் போகும். 'கல்நீக்கி' என்றால் அரிசி ஆலைக்காரர்கள் தங்கள் இயந்திரத்தை நினைப்பார்கள். 'சுழல்வாரி' என்றால் வெட்டிய புல்லைத் திரட்டும் கருவி குறுக்கே வரும்.

---

விசைவாரி எனக்கும் சம்மதம். ஒரு சிறு வேண்டுகோள்: எங்கட பக்கம் ட்ராக்டரை உழவு இயந்திரம் எண்டுதான் எழுதுவினம். கையேடு இலங்கைக்கும் போகுமெண்டால் முதல் பக்கத்தில் ஒருக்கா அதையும் போடுங்கோ அண்ணை. யாழ்ப்பாணத்து வலிகாமத்துச் செம்மண்ணில் கல்லுக்குக் குறைவில்லை. பொறுக்கின கல்லைக் கொண்டுபோய் வேலியோரம் குவிக்கிறதுதான் வழக்கம். நெடுந்தீவுக்குப் போனால் வேலியே கல்லுத்தான்.

---

தாமதமாக வருகிறேன், மன்னிக்கவும். காங்கயம் பக்கத்தில் எங்கள் காடு. சரளை மண். எந்தச் சொல்லைத் தேர்ந்தாலும் கருவி என்ன செய்கிறது என்று ஒரு முறை பார்த்துவிடுவோம்.

குறுக்கே ஓர் உருளை. அதன் மேலெல்லாம் குட்டையான பற்கள், முனையில் கார்பைடு. பி.டி.ஓ. நிமிடத்துக்கு 540 சுற்றில் ஓடும்போது, இந்த உருளை ட்ராக்டர் சக்கரம் உருளும் திசைக்கு எதிர்த்திசையில் சுற்றுகிறது. மேல் மண்ணை இரண்டு மூன்று அங்குலம் கிளறித் தூக்குகிறது. உருளையை ஒட்டி ஒரு தடுப்புத்தண்டு நிற்கிறது. இரண்டுக்கும் நடுவிலுள்ள சந்தில் பொடி மண் நுழைந்து பின்னால் விழுந்துவிடும். நுழைய முடியாத கல்லும் வேரும் முன்பக்கமே புரண்டுகொண்டு போகும். கருவியைச் சற்றுக் கோணலாகத் திருப்பி வைத்தால் அந்தக் கல்லெல்லாம் நகர்ந்து நகர்ந்து ஓரமாக ஒரு நீண்ட வரிசையாக விழும். சந்தை நெருக்கினால் சின்னக் கல்லும் ஒதுங்கும், தளர்த்தினால் பெரிய கல் மட்டும். புதைந்து கிடக்கும் பாறையை இது ஒன்றும் செய்யாது. மண் இறுகிக் கிடந்தால் முதலில் கொத்துக் கலப்பை ஓட்டித்தான் ஆக வேண்டும்.

இது வாருவதா? வாரினால் நல்லதும் கெட்டதும் சேர்ந்தே வரும், குப்பை வாருகிற மாதிரி. இங்கே மண் ஒரு பக்கம், கல் ஒரு பக்கம். பல் இருப்பதால் ஆங்கிலக்காரன் ரேக் என்றான், சரி. அவனுடைய பெயரும் அப்படி ஒன்றும் துல்லியமில்லை. புல்தரையில் காய்ந்து மண்டிய சருகுப் படலத்தைக் கிளறியெடுக்கும் தள்ளுவண்டிக்கும் அங்கே பவர் ரேக் என்றுதான் பெயர். அவன் குழப்பத்தை நாம் ஏன் கடன் வாங்க வேண்டும்?

போன வாரம் எங்கள் ட்ராக்டர் ஓட்டுகிற தம்பிக்குக் கைப்பேசியில் இதன் காணொளியைக் காட்டினேன். 'அட, மொறத்துல அரிசி கொழிக்கிற மாதிரிதானுங்கண்ணா' என்றான்.

அதற்கப்புறம் எனக்கு வேறு சொல் ஓடவில்லை. முறத்தை வைத்துக்கொண்டு நம் பெண்கள் செய்வதற்கு எத்தனை வினைகள்: புடைத்தல், கொழித்தல், தெள்ளுதல், நாவுதல், நேம்புதல். ஒவ்வொன்றும் ஒரு கை அசைவு. கொழித்தலில்தான் அரிசி ஒரு பக்கமும் கல், குறுநொய் ஒரு பக்கமும் விலகும். அலை கரையில் ஒதுக்குவதற்கும் கொழித்தல் என்றே பெயர். ஆறு மணலைக் கொழித்து ஓரத்தில் திட்டாக விட்டுப்போவதைப் பார்த்தவர்களுக்கு, இந்தக் கருவி விட்டுப்போகும் கல் வரிசை புதிதாகத் தெரியாது. ஆகவே கல்கொழிப்பான் என்பது என் பரிந்துரை.

(முறம் பெண்கள் கையில் இருந்ததால்தான் இந்த வினைகள் பொறியியல் பக்கம் வரவேயில்லை என்று எனக்கொரு சந்தேகம். அதைப் பிறகு பேசுவோம்.)

---

> கல்கொழிப்பான்

அழகாக இருக்கிறது அண்ணா. ஆனால் என் மகளிடம் 'கல் கொழிக்கும் நிலம்' என்றால் என்ன என்று கேட்டேன். 'நிறையக் கல் இருக்கிற நிலம்' என்றாள். 'பணம் கொழிக்கிறது' மட்டும்தான் அவளுக்குத் தெரியும். அவள் முறத்தையே கண்காட்சியில்தான் பார்த்திருக்கிறாள். கல்லை ஒதுக்கும் கருவிக்கு, கல் பெருகுகிற பெயரா?

---

நியாயம்தான் அக்கா, எனக்கே இது தோன்றவில்லை. ஆனாலும் 'கொழிக்கும் நிலம்' வேறு, 'கல்லைக் கொழிக்கும்' வேறு. ஐ உருபு வந்துவிட்டால் ஐயம் போய்விடும். பெயர்ப்பலகையில் உருபு நிற்காது என்கிறீர்கள், ஒப்புக்கொள்கிறேன்.

---

நன்றி, எல்லோருக்கும். அச்சுக்குக் கொடுக்க நான்கு நாள்தான் இருக்கிறது. இப்படிச் செய்யப்போகிறேன்: கருவியின் பெயர் விசைவாரி. கடைக்காரர் பவர் ரேக் என்றுதான் கேட்பார், அதனால் அட்டையில் அதுவும் தமிழெழுத்தில் இருக்கும். செய்யும் வேலைக்குக் கல்லைக் கொழித்தல். உருபோடு மட்டுமே எழுதுவேன். இலங்கைக்காக உழவு இயந்திரம் முதல் பக்கத்தில் சேர்ந்துவிட்டது.

ஒரு வாக்கியம் இப்படி வந்திருக்கிறது, சரிபாருங்கள்: 'தடுப்புத்தண்டை உருளைக்கு அருகே நகர்த்தினால் விசைவாரி சிறு கற்களையும் கொழித்து ஓரமாக ஒதுக்கும்.' ஓட்டுநர் தம்பிக்கும் ஒரு முறை படித்துக் காட்டுங்கள் காங்கயத்து அண்ணா.

மிச்சமிருப்பது அந்தக் கல் வரிசை. கையேட்டில் பதினோரு இடத்தில் வருகிறது. 'கல்லணை' என்று யாரும் எழுதிவிட வேண்டாம்.

---

கல்வரி? சாலை போட்ட பிறகு ஓரத்தில் ஜல்லி கிடப்பதை எங்கள் ஊரில் வரி வரியாகக் கிடக்கிறது என்போம்.

---

> கல்வரி

'கல்வாரி'க்கு ஒரு கால் குறைந்தால் இதுதான். அச்சுப்பிழை பார்க்கிறவருக்கு முன்கூட்டியே என் அனுதாபங்கள்.