ஜன்னலோரப் புதினா: சேலத்திலிருந்து குளிர்நாட்டுக்குக் குடிவந்தவர்களுக்கு

புதினாத் தண்டை மண்ணில் செருகினேன், ஒரே வாரத்தில் அழுகிவிட்டது என்று புதிதாக வந்தவர்கள் வருந்துவதைப் பலமுறை கேட்டதால் இதை எழுதுகிறேன். சேலத்தில் எங்கள் வீட்டில் பாத்திரம் கழுவும் நீர் ஓடும் இடத்தில் புதினா தானாகப் படர்ந்து கிடக்கும். வேலியோரம் நட்ட முருங்கைப் போத்து யாரும் கவனிக்காமலே துளிர்க்கும். அந்தச் சூடும் வெளிச்சமும் குளிர்நாட்டு ஜன்னலுக்குள் வருவதில்லை என்பதால், அங்கே வெயில் செய்த வேலையை இங்கே நம் கைப்பக்குவம் செய்ய வேண்டியிருக்கிறது.

ஏற்காட்டுப் பக்கம் மிளகு நாற்றுப் போடுவதைப் பார்த்தவர்களுக்கு இதன் அடிப்படை எளிதில் விளங்கும். தரையோடு ஓடும் கொடியை இரண்டு மூன்று கணுக்கள் இருக்குமாறு நறுக்கி, இலைகளைக் கிள்ளிவிட்டு, ஒரு கணுவாவது மண்ணுக்குள் இருக்கும்படி பைகளில் நட்டு நிழலில் வைப்பார்கள். வேர் பெரும்பாலும் கணுவிலிருந்துதான் புறப்படும்.

புதினாவுக்கும் அதே கணக்குதான். கடையில் வாங்கிய கட்டில் பூக்காத, வாடாத தண்டுகள் நான்கைந்தைப் பொறுக்கி, நுனியிலிருந்து சுமார் 10 செ.மீ. நீளத்தில், ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டி, மண்ணுக்குப் பதிலாக முதலில் ஒரு குவளை நீரில் நிறுத்தி வையுங்கள். நீரில் மூழ்கும் பகுதியில் ஓர் இலைகூட இருக்கக் கூடாது; நீருக்குள் கிடக்கும் இலை அழுகித்தான் தண்டையும் கெடுக்கிறது. இரண்டு நாளுக்கு ஒருமுறை நீரை மாற்றி வந்தால், ஒன்றிரண்டு வாரங்களில் வெள்ளை வேர்கள் தெரியும். அவை 2 அல்லது 3 செ.மீ. நீண்டதும் தொட்டிக்கு மாற்றிவிடுங்கள். நீரிலேயே வெகுநாள் பழகிய வேர் மண்ணில் திணறும். அந்தத் தொட்டியில் வேறு எதையும் நடாதீர்கள், புதினா இடம் விடாது.

கற்பூரவல்லியை நீரில் போட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அதன் தண்டு சதைப்பற்றுள்ளது; வெட்டுவாய் காயும்படி ஒரு நாள் நிழலில் வைத்து, மணல் கலந்த மண்ணில் செருகி, மேல்மண் காய்ந்த பின்பே நீர் விடுங்கள். உறைபனி பட்டால் பிழைக்காது. கொத்தமல்லியைத் தண்டிலிருந்து வளர்க்க முயல வேண்டாம், தனியாவை இரண்டாக உடைத்து விதைத்தால் போதும்.

கறிவேப்பிலைக்காக ஒரு வேண்டுகோள்: ஊரிலிருந்து கன்றையோ கிளையையோ பெட்டியில் ஒளித்து எடுத்து வராதீர்கள். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் சிறு பூச்சி கறிவேப்பிலையிலும் தங்குவதால், அமெரிக்கா, ஆஸ்திரேலியா உள்ளிட்ட நாடுகள் இதில் கண்டிப்பாக இருக்கின்றன. தண்டிலிருந்து அது வேர் பிடிப்பதும் அரிது. நீங்கள் வாழும் இடத்திலேயே வளர்த்த கன்றை வாங்குங்கள். குளிரில் இலை முழுவதும் உதிர்ந்தாலும் பிடுங்கி எறிந்துவிடாமல், நீரைக் குறைத்துப் பொறுத்திருங்கள்.

நீங்கள் இருப்பது வடக்கு நாடு, இப்போது மார்கழி என்றால், புதினாத் தண்டுகளைப் பகல் இரவைவிட நீளத் தொடங்கும் பங்குனியில் வெட்டுவது நல்லது.