கரியமில வாயுவை மின்சாரத்தால் மாற்ற: செம்பா, வெள்ளீயமா?

மேலூர் மாணவன்:
மதுரையில் எம்.எஸ்ஸி. வேதியியல் கடைசி வருஷம் படிக்கிறேன். கரியமில வாயுவை மின்சாரத்தால் பயனுள்ள பொருளாக மாற்றுவதுதான் புராஜெக்ட். பொட்டாசியம் பைகார்பனேட் கரைசலில் செம்புத் தகடு வைத்திருக்கிறேன். குமிழ் நன்றாக வருகிறது. அது எத்திலீனா, வெறும் ஹைட்ரஜனா என்று பார்க்க எங்கள் துறையில் கேஸ் குரோமட்டோகிராஃப் (வாயுக்களைப் பிரித்து அளக்கும் கருவி) இல்லை. தங்கம், வெள்ளி வாங்க வசதியும் இல்லை. என்ன செய்யலாம்?

காரைக்குடி மின்வேதி:
தம்பி, செம்பு நல்ல உலோகம்தான். ஜப்பானின் யோஷியோ ஹோரி 1980-களிலேயே அதில் மீத்தேனும் எத்திலீனும் வருவதைக் காட்டிவிட்டார். நடுவில் உருவாகும் கார்பன் மோனாக்சைடைத் தங்கமும் வெள்ளியும் சட்டென்று விட்டுவிடும். நிக்கல், இரும்புத் தகடுகள் அதை இறுகப் பிடித்துக்கொள்ளும், அப்புறம் ஹைட்ரஜன்தான் மிஞ்சும். செம்பின் பிடி இரண்டுக்கும் நடுவில், அதனால்தான் அது மேலும் மாறி மீத்தேனும் எத்திலீனும் ஆகிறது. ஆனால் ஒரு எத்திலீன் மூலக்கூறுக்கு 12 எலெக்ட்ரான் வேண்டும், அளக்கக் கருவியும் வேண்டும்.

உங்கள் நிலைமைக்கு வெள்ளீயம்தான் சரி. அதில் முக்கியமாக ஃபார்மேட் (ஃபார்மிக் அமிலத்தின் உப்பு) வரும். 2 எலெக்ட்ரான் போதும். பொருள் கரைசலிலேயே தங்குவதால் காரநிலையில் பர்மாங்கனேட் டைட்ரேஷன் செய்தே, அதாவது எவ்வளவு பர்மாங்கனேட் செலவாகிறது என்று பார்த்தே அளந்துவிடலாம். செம்பைவிட விலை கூடுதல்தான், ஆனால் சின்னத் துண்டு போதுமே.

திருமங்கலம்:
ரசம் வைக்கிற ஈயச்சொம்பை வெட்டிப் போடலாமா? பாத்திரக்கடையில் கிடைக்குமே.

காரைக்குடி மின்வேதி:
வேண்டாம். கடைச் சொம்பில் காரீயம் கலந்திருக்கலாம். காரீயத்திலும் ஃபார்மேட் வரும் என்பதால், எந்த உலோகம் வேலை செய்தது என்று தேர்வாளர் கேட்டால் பதில் இருக்காது. சுத்தமான வெள்ளீயத் தகடே வாங்குங்கள்.

தண்ணீரிலும் கறாராக இருங்கள். போர் தண்ணீர் பக்கமே போகக் கூடாது. கரைசலில் துளி இரும்பு இருந்தாலும் தகட்டில் படிந்து ஹைட்ரஜனைக் கிளப்பிவிடும். இரண்டு மின்முனைகளுக்கும் நடுவே சவ்வு கட்டாயம், இல்லாவிட்டால் உருவான ஃபார்மேட் நேர்மின்முனைக்குப் போய்த் திரும்பக் கரியமில வாயுவாகிவிடும்.

மேலூர் மாணவன்:
ரொம்ப நன்றி சார். விருதுநகர்ப் பக்கத்து சிமெண்ட் ஆலைப் புகையை நேரடியாக விட்டுப் பார்க்கலாமா?

காரைக்குடி மின்வேதி:
இப்போது வேண்டாம். புகையில் ஆக்சிஜன் இருக்கும், எலெக்ட்ரானை அது முந்திக்கொள்ளும். முதலில் கரியமில வாயுவுக்குப் பதில் நைட்ரஜனை விட்டு, அதே மின்னோட்டத்தில், அதே நேரம் ஓட்டுங்கள். அப்போதும் பர்மாங்கனேட் செலவானால் கரைசலில் வேறு அழுக்கு இருக்கலாம். அதைச் சரிசெய்த பிறகு கரியமில வாயு சிலிண்டரைத் திறங்கள்.