புதுப்பிப்பு: அப்பாவின் சிறுநீர்க்குழாய்க் கல், லேசர் சிகிச்சைக்குப் பின்

அப்பாவின் இடது சிறுநீர்க்குழாயில் அடைத்திருந்த 9 மி.மீ. கல் மாத்திரையிலேயே இறங்கிவிடுமா என்று சென்ற மாதம் இங்கே கேட்டிருந்தேன். நான்கு வாரங்கள் காத்திருந்தும் இறங்காததால், கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு அழைத்துச் சென்று லேசர் சிகிச்சை செய்துகொண்டோம்.

உடலில் எங்கும் கீறாமல், சிறுநீர்த் துவாரம் வழியாகவே மெல்லிய உள்நோக்கியைச் செலுத்தி, அதனுள் நுழைத்த கண்ணாடி இழையின் வழியே ஹோல்மியம் லேசரைப் பாய்ச்சிக் கல்லைப் பொடியாக்கினார்கள். ஏறத்தாழ 2,100 நானோமீட்டர் அலைநீளமுள்ள அந்த ஒளியை நீர் உடனே உறிஞ்சிக்கொள்வதால் சுற்றியுள்ள திசுவுக்குப் பாதிப்பு குறைவு என்று மருத்துவர் விளக்கிய பிறகுதான் அம்மாவுக்கு மூச்சு வந்தது.

உண்மையில் அப்பாவைப் படுத்தியது, சிறுநீர் தடையின்றி இறங்கச் சிறுநீர்க்குழாயினுள் தற்காலிகமாக வைத்த டி.ஜே. ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாய்தான். அதை எடுக்கும்வரை சிறுநீர் இளஞ்சிவப்பாகவே போனது; அடிக்கடி முட்டியதால் பேருந்தில் ஏறவே தயங்கினார். அதை எடுக்கும் தேதியைத் தயவுசெய்து நாட்காட்டியில் குறித்துவையுங்கள். மறந்துவிட்டால் அதன்மீதே மீண்டும் கல் படியும்.

சிறுநீரை வடிகட்டியபோது தங்கிய மணல் போன்ற பழுப்புத் துகள்கள் கால்சியம் ஆக்சலேட் என்ற உப்பு என ஆய்வில் தெரிந்தது.