மேற்பரப்பு 1200 பாகை, நடுப்பகுதி எத்தனை பாகை? மின் உலையில் உருக்குப் பாளங்களைச் சீராகச் சூடாக்குவது பற்றி ஒரு கேள்வி

அறிவியல்நகர் மாணவன் (கிளிநொச்சி)

வணக்கம். நான் கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் கற்கும் இறுதியாண்டு மாணவன். உருக்குப் பாளத்தைத் தகடாக உருட்டுவதற்கு முன்னர் மின் உலையில் சூடாக்கும்போது அதன் உள்ளே வெப்பநிலை எவ்வாறு மாறுகிறது என்பதைக் கணினியில் கணித்துப் பார்ப்பதே எனது செயற்றிட்டம். வன்னியில் உருட்டாலை எதுவும் இல்லை. உழவு இயந்திரப் பெட்டிக்கும் கலப்பைக்கும் எங்கள் பட்டறைகள் வாங்கும் தகடு வெளிநாட்டில் உருட்டப்பட்டு வருவது. நேரில் பார்த்து ஐயம் தீர்க்க வழியில்லாததால், இத்தொழிலில் பழக்கமுள்ளவர்களிடம் இங்கே கேட்கிறேன்.

பாளத்தின் தடிப்பு 200 மில்லிமீற்றர். மேலும் கீழும் ஒரே அளவாகச் சூடாக்குவதாகக் கொண்டால், சூடு பயணம் செய்ய வேண்டிய தூரம் 100 மில்லிமீற்றர் மட்டுமே. உயர் வெப்பநிலையில் உருக்கின் வெப்பப் பரவுதிறனைச் செக்கனுக்கு 6 சதுர மில்லிமீற்றர் என எடுத்து, தூரத்தின் வர்க்கத்தை அதனால் வகுத்தபோது ஏறத்தாழ 28 நிமிடம் என்று விடை வந்தது. ஆனால் இத்தகைய பாளங்கள் உலையில் இரண்டரை மணித்தியாலத்துக்குக் குறையாமல், சில வேளைகளில் நான்கு மணித்தியாலம் வரையும் இருக்கின்றன என்று வாசிக்கிறேன். மீதி நேரம் எதற்காகச் செலவாகிறது? மின்சாரத்தில் வலுவை விரும்பியபடி கூட்டலாம் என்றால், இந்த நேரத்தைக் குறைக்க முடியாதா?

புதுக்குடியிருப்பு, ஓய்வுபெற்ற உருட்டாலை ஊழியர்

தம்பி, உங்கள் கணக்கில் பிழை இல்லை. உள்ளே போன சூடு பாளம் முழுவதும் பரவுவதற்கு எவ்வளவு நேரம் வேண்டும் என்பதற்கு அந்த 28 நிமிடம் விடை சொல்கிறது. பாளத்துக்கு வேண்டிய சூடு முழுவதையும் அதன் தோலூடாக உள்ளே செலுத்த எவ்வளவு நேரம் வேண்டும் என்பது வேறொரு கணக்கு. ஆலையில் நேரத்தைத் தின்பது அந்த இரண்டாவது கணக்குத்தான்.

அதைப் போட்டுப் பாருங்கள். 200 மில்லிமீற்றர் தடிப்புள்ள பாளத்தில் ஒரு சதுர மீற்றர் பரப்பின் நிறை ஏறத்தாழ 1570 கிலோகிராம். ஒரு கிலோகிராம் உருக்கை அறை வெப்பநிலையிலிருந்து 1200 பாகை செல்சியஸ் வரை கொண்டுபோக ஏறத்தாழ 0.8 மெகாயூல் வேண்டும். அப்படியானால் ஒவ்வொரு பக்கத்தாலும் சதுர மீற்றருக்கு 630 மெகாயூல் அளவு உள்ளே இறங்க வேண்டும். சராசரியாகச் சதுர மீற்றருக்கு 60 கிலோவாற்று வீதம் செலுத்தினால், அதற்கு மட்டும் மூன்று மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவான நேரம் ஆகும். நீங்கள் வாசித்த காலம் இதுதான்.

இனி, வலுவைக் கூட்டினால் என்ன என்ற கேள்விக்கு வருகிறேன். சூடு உள்ளே போய்க்கொண்டிருக்கும்வரை மேற்பரப்பும் நடுப்பகுதியும் ஒரே வெப்பநிலையில் இருக்கவே முடியாது. அந்த வித்தியாசம், செலுத்தும் வீதத்தை அரைத் தடிப்பால் பெருக்கி, கடத்துதிறனின் இரு மடங்கால் வகுத்தால் வரும். சூடேறிய உருக்கின் வெப்பக் கடத்துதிறன் மீற்றருக்கு, பாகைக்கு 28 வாற்று அளவில் இருக்கும்; எனவே 60 கிலோவாற்றுக்கு வித்தியாசம் 107 பாகை. அதையே 150 கிலோவாற்றாக உயர்த்தினால் நேரம் 70 நிமிடமாகக் குறையும், ஆனால் வித்தியாசம் 270 பாகையை எட்டும். மேற்பரப்பு 1250 பாகையில் செதில் (சூட்டில் உருவாகும் இரும்பு ஒட்சைட்டுப் படை) தள்ளிக்கொண்டிருக்க, நடுப்பகுதி ஆயிரத்துக்குக் கீழே கிடக்கும். அப்படிப்பட்ட பாளத்தை உருளைக்குள் விடுவதை நான் எக்காலத்திலும் ஏற்றுக்கொள்ள மாட்டேன்.

ஆகவே ஆலைகள் முதலில் வேண்டிய சூட்டை ஏற்றி, பின்னர் வலுவைக் குறைத்து, மேற்பரப்பை ஒரே வெப்பநிலையில் பிடித்துவைத்து நடுப்பகுதி வந்து சேரும்வரை காத்திருக்கின்றன. உங்கள் பாளத்தில் அந்த வித்தியாசம் ஏறத்தாழ 11 நிமிடத்துக்கு ஒரு முறை மூன்றில் ஒரு பங்களவாகச் சுருங்கும். 107 பாகை 15 பாகையாகக் குறைய 22 நிமிடம் போதும். உற்பத்தி பிந்துகிறது என்றால் எல்லோரும் முதலில் கை வைப்பது இந்தக் கடைசி நிமிடங்களில்தான். பாளம் வெளியே வரும்போது பார்வைக்கு ஒரே நிறமாகத் தெரிவதால், செய்த கேடு உடனே தெரிவதுமில்லை. பிறகு தகட்டின் தடிப்பு இடத்துக்கிடம் மாறுகிறது என்று உருளைகளைக் குறை சொல்வார்கள்.

கீழ்ப்பக்கத்தையும் மறந்துவிட வேண்டாம். பாளத்தை உலைத் தளத்தின் மீது இடைவெளி இல்லாமல் கிடத்தினால், சூடு மேலிருந்து மட்டுமே இறங்கும். பயணத் தூரம் 200 மில்லிமீற்றராக இரட்டிக்கும். அந்த 11 நிமிடம் 45 நிமிடமாகும். மேல் சூடாகவும் கீழ் குளிராகவும் உருளைக்குள் போகும் பாளத்தில் மேற்பகுதி கூடுதலாக நீளுவதால், தகடு பெரும்பாலும் குளிர்ந்த பக்கத்தை நோக்கி வளையும். பாளத்தைத் தாங்கிகளின் மீது உயர்த்தி வைப்பது இதற்காகத்தான். தாங்கிகள் நீரால் குளிர்விக்கப்படுபவையாக இருந்தால், அவை தொட்ட இடங்களில் குளிர்ந்த பட்டைகள் விழும். அந்தப் பட்டைகள் தகட்டிலும் தடிப்பு வேறுபாடாகத் தொடரும்.

வவுனியா மின்னியலாளர்

ஐயா சொன்ன வெப்பக் கணக்கோடு உலையின் மின்பக்கத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். மின் உலையில் எரிவாயுப் புகை ஓடுவதில்லை. எனவே மூலைமுடுக்கெல்லாம் சூட்டைக் கொண்டுபோய்க் கலக்கும் காற்றோட்டமும் குறைவு. ஏறக்குறைய எல்லாச் சூடும் கதிர்ப்பாகவே வருகிறது. வெப்பமூலகத்தை நேராகக் காணும் பரப்பு விரைவாகச் சூடேறும், நிழலில் உள்ள பரப்பு பின்தங்கும். இரண்டு பாளங்களை நெருக்கி வைத்தால் இடைப்பட்ட பக்கங்கள் ஒன்றையொன்று மறைத்துக்கொள்ளும். தனித்து நிற்கும் பாளத்தின் மூலைகளுக்கோ மூன்று முகங்களிலிருந்தும் சூடு வருவதால், அவை மற்ற இடங்களை முந்திவிடும். கதவோரத்தில் உள்ள முனை மட்டும் இதற்கு விலக்காகக் குளிர்ந்திருக்கும். உலையைப் பல வலயங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி வலுக் கட்டுப்பாடும் வெப்பநிலையை அளக்கத் தனி வெப்ப இணையும் வைப்பது இந்த வேறுபாடுகளைச் சரிக்கட்டத்தான்.

வெப்பமூலகங்களாகச் சிலிக்கன் காபைட்டுக் கோல்கள் உள்ள உலையில் இன்னொரு காரணமும் உண்டு. இக்கோல்களின் மின்தடை பாவனையில் படிப்படியாக உயரும். ஒரு வலயத்தில் முறிந்த ஒரு கோலுக்குப் பதிலாகப் புதியதொன்றைப் பழைய கோல்களுடன் சேர்த்து மாட்டினால், அந்த வலயமே சீரற்றுப் போகும். தொடராக இணைத்திருந்தால் தடை கூடிய பழைய கோல் கூடுதலாகச் சூடேறி இன்னும் விரைவாகக் கெடும். சமாந்தரமாக இணைத்திருந்தால் அது குறைவான மின்னோட்டத்தை எடுத்து ஓரளவு தன்னைக் காத்துக்கொள்ளும். ஒரு வலயத்தின் கோல்களைத் தடை ஒத்த தொகுதியாக மாற்றுவதே முறை. மொலிப்டினம் டைசிலிசைட்டு மூலகங்களில் இந்த மூப்பு இல்லை. ஆனால் குளிர்ந்த நிலையில் அவற்றின் தடை மிகக் குறைவு என்பதால், தொடக்கத்தில் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தாமல் விட முடியாது.

தம்பியின் கணினி மாதிரியில் கீழ்ப்பக்கத்து வலு காலத்தோடு குறையும்படியும் வைத்துப் பார்க்கலாம். பாளத்திலிருந்து உதிரும் செதில் அடியில் உள்ள மூலகங்களின் மீதும் தளத்தின் மீதும் படிந்து, அடிப்பக்கச் சூட்டை மெல்ல மெல்ல மறைத்துவிடும். வெப்ப இணை காட்டுவது அது இருக்கும் இடத்தின் வெப்பநிலையையே என்பதையும் குறிப்பிட விரும்புகிறேன். சுவரோரத்து இணை 1200 காட்டுவதை வைத்துப் பாளத்தின் நடுப்பகுதியைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

அறிவியல்நகர் மாணவன் (கிளிநொச்சி)

ஐயாவுக்கும் அண்ணாவுக்கும் மிக்க நன்றி. சூடு செல்லும் வீதத்தையும் உள்ளே பரவும் நேரத்தையும் நான் தனித்தனியே வைத்துப் பார்க்காததால்தான் குழப்பம் ஏற்பட்டது என்று இப்போது விளங்குகிறது. தூண்டல் முறையில் சூடு உருக்கின் உள்ளேயே உண்டாகிறதே. அங்கே இந்தக் காத்திருப்பு தேவைப்படாதா? இன்னொரு கேள்வி: மேற்பரப்புக்கும் நடுப்பகுதிக்கும் இடையில் எவ்வளவு வித்தியாசத்தை ஏற்றுக்கொள்ளலாம்?

மன்னார், இயற்பியல் ஆசிரியர்

தூண்டல் பற்றிய பகுதிக்கு நான் பதில் எழுதுகிறேன். சுருளில் ஓடும் ஆடலோட்டம் பாளத்தில் தூண்டும் மின்னோட்டம், மேற்பரப்பிலிருந்து ஒரு குறிப்பிட்ட ஆழத்துக்குள்தான் பெரும்பாலும் ஓடும். உருக்கு காந்தத் தன்மையுடன் இருக்கும்வரை 50 ஏட்சு மீடிறனில் அந்த ஆழம் சில மில்லிமீற்றர் மட்டுமே. இரும்பு ஏறத்தாழ 770 பாகையில் காந்தத் தன்மையை இழந்ததும், அதே மீடிறனில் ஆழம் 75 மில்லிமீற்றர் அளவுக்கு விரிந்துவிடும். உங்கள் பாளத்தின் அரைத் தடிப்பு 100 மில்லிமீற்றர் என்பதால், 770 பாகைக்குப் பிறகு சூடு உண்மையாகவே உள்ளே ஆழமாகப் பிறக்கிறது. காத்திருப்பு நன்றாகக் குறையும், ஆனால் அற்றுப்போகாது. பாளத்தின் முனைகளிலும் ஓரங்களிலும் மின்னோட்டம் வேறு விதமாகத் திரும்புவதால், சுருளின் நீளத்தையும் மீடிறனையும் பொருத்தமாகத் தெரிவு செய்யாவிட்டால் அந்த இடங்கள் கூடுதலாகவோ குறைவாகவோ சூடேறும். வெளியே சூடு இழக்கப்படுவதால், இறுதிக் கட்டத்தில் மேற்பரப்பைவிட அதற்குச் சற்று உள்ளே கூடிய வெப்பநிலை இருப்பதும் உண்டு. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் மக்லவுத் உருக்கு ஆலை 1960களின் இறுதியிலேயே பாளங்களைத் தூண்டலால் சூடாக்கும் பெரிய அமைப்பை நிறுவியது. எனவே இது ஆய்வுகூடத்தோடு நின்றுவிட்ட முறை அல்ல.

மின்வலுவின் அளவையும் மாணவர்கள் உணர வேண்டும் என்று நினைக்கிறேன். இழப்புகளையும் சேர்த்துத் தொன்னுக்கு 280 கிலோவாற்று மணித்தியாலம் என்று வைத்தால், மணிக்கு 100 தொன் சூடாக்கும் உலைக்கு 28 மெகாவாற்று தொடர்ந்து வேண்டும். எங்கள் மன்னார்த் தீவிலுள்ள தம்பபவனி காற்றாலையின் கொள்ளளவு 103.5 மெகாவாற்று. அதன் கால் பங்குக்கும் மேலான வலுவை ஒரேயொரு உலை எடுத்துக்கொள்ளும்.

மல்லாவிப் பட்டறைக்காரர்

எங்களிடம் சிறிய மின் உலை ஒன்று உள்ளது. கத்தியும் கலப்பை அலகும் அதில் சூடாக்கித் தோய்க்கிறோம். அலகுகளை அடுக்கி வைக்கும்போது நடுவில் உள்ளவை மென்மையாகவே வருகின்றன. பாளத்துக்குச் சொன்னவை எங்கள் 12 மில்லிமீற்றர் அலகுக்கும் பொருந்துமா?

புதுக்குடியிருப்பு, ஓய்வுபெற்ற உருட்டாலை ஊழியர்

பொருந்தும். தனியாக நிற்கும் 12 மில்லிமீற்றர் அலகின் உள்ளே சூடு பரவ ஆறு செக்கன் போதும். அதில் உள், வெளி என்ற பேச்சே இல்லை. பத்து அலகுகளை அடுக்கினால் அது 120 மில்லிமீற்றர்ப் பாளத்தைவிட மோசமானது. ஒவ்வொரு இடுக்கிலும் செதிலும் காற்றும் இருந்து சூட்டை மறிக்கும். தீக்கற்களின் மேல் இடைவெளி விட்டு நிறுத்தி வையுங்கள்; நேரத்தைக் கூட்டாமலே குறை நீங்கும்.

தம்பியின் மற்றக் கேள்விக்கு: தகடு உருட்டும் ஆலைகள் பல, 20 முதல் 30 பாகைக்குள் வித்தியாசத்தை வைத்திருக்கவே முயலும். ஆனால் எந்த உருக்கு என்பதைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். நயோபியம் சேர்த்த உருக்கில் அந்த நயோபியம் கரைந்தால்தான் உருட்டும்போது பயன் தரும். அதற்குப் பாளம் முழுவதும் ஏறத்தாழ 1150 பாகையைத் தாண்ட வேண்டும். நடுப்பகுதி அந்த எல்லையை எட்டாவிட்டால், தகட்டின் நடுவில் எதிர்பார்த்த வலிமை கிடைக்காது. மறுபக்கம், சிலிக்கன் கூடிய உருக்கில் 1177 பாகைக்கு மேல் செதிலின் அடியிலுள்ள படை உருகி உலோகத்தோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு உயர் அழுத்த நீராலும் அதை அகற்றுவது கடினம். எனவே மேற்பரப்பை மனம்போனபடி உயர்த்தவும் முடியாது.

உங்கள் மாதிரியில் கடத்துதிறனை ஒரே எண்ணாக வைக்க வேண்டாம். அறை வெப்பநிலையில் 50 அளவில் இருக்கும் அது 800 பாகையில் 27 அளவுக்கு விழும். 750 பாகையை அண்டி வெப்பக் கொள்ளளவு கூர்மையாக ஏறி இறங்குவதையும் சேருங்கள். உலைக் கதவு திறந்ததும் கணக்கை நிறுத்திவிடவும் வேண்டாம். 1200 பாகையில் வெளியே வரும் பாளம் சதுர மீற்றருக்கு 200 கிலோவாற்றுக்கு மேல் கதிர்ப்பால் இழக்கிறது. உலைவாயிலில் இருந்த சீர்மை முதல் உருளைக்குப் போய்ச் சேரும்போது மாறியிருக்கும். உங்கள் வரைபின் கடைசிப் புள்ளி உருளையின் வாயில் இருக்கட்டும்.