பிரான்சுக்குப் போகும் பெட்டியில் ஒளிந்திருக்கும் கோதுமை

பிரான்சுக்குப் போன இடத்தில், கோதுமை ஆகாத சீலியாக் நோய் என்று தெரியவந்தால், புதுச்சேரி, கடலூர்ப் பிள்ளைகள் முதலில் அந்த ஊர் ரொட்டியைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். பகேத் என்ற அந்த நீள ரொட்டியில் கோதுமை இருப்பது ஊரறிந்த விஷயம். அதை வாங்காமல் விட்டுவிடலாம். எனக்கு அதிகக் கவலை தருவது நம் வீட்டிலிருந்து ஆசையாகக் கட்டிக் கொடுத்தனுப்பும் பொட்டலங்கள். என் மகளுக்கு இந்த நோய் இருப்பது பாரிஸ் புறநகரில் நாங்கள் குடியிருக்கும்போதுதான் தெரிந்தது. இரும்புச்சத்து மாத்திரை எவ்வளவு கொடுத்தும் ரத்தசோகை தீராததால் மருத்துவர் சந்தேகப்பட்டுச் சோதித்தார். இப்போது விடுமுறைக்குப் புதுச்சேரி முத்தியால்பேட்டை வீட்டுக்கு வந்து, திரும்பிப் போகப் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறேன். புதிதாகப் போகிறவர்களுக்கும் அவர்களுடைய அம்மாக்களுக்கும் இது பயன்படட்டும்.

இது ஒவ்வாமை இல்லை, தன்னுடல் தாக்கு நோய். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால், உடலின் எதிர்ப்புச் சக்தியே சிறுகுடலின் குடலுறிஞ்சிகளைத் தாக்கித் தேய்த்துவிடுகிறது. சாப்பாட்டுச் சத்து உடம்பில் ஏறாது. இதற்கு மருந்து கிடையாது. வாழ்நாள் முழுவதும் குளூட்டனை விலக்குவதுதான் சிகிச்சை. "கொஞ்சம் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது" என்று அத்தைகளும் சித்திகளும் சொல்வார்கள். அவர்கள்மேல் கோபப்பட வேண்டாம். 2016 இல் வெளியான இந்திய ஆய்வு ஒன்றில் வடஇந்தியாவில் நூறு பேரில் ஒருவருக்குச் சற்று மேலாகவும், தென்னிந்தியாவில் ஆயிரத்தில் ஒருவருக்கும் இந்த நோய் இருப்பதாகத் தெரிந்தது. நம் பக்கத்தில் இதைக் கேள்விப்படாதவர்களே அதிகம். ஆனால் வயிறு வலிக்கவில்லை என்பதற்காகக் குடலுக்குள் சேதம் நடக்கவில்லை என்று பொருளில்லை. இதை மட்டும் வீட்டில் எல்லோருக்கும் பொறுமையாக, திரும்பத் திரும்பச் சொல்லிவிடுங்கள்.

நாம் அரிசிக்காரர்கள் என்பது பெரிய பாக்கியம். இட்லி, தோசை, பொங்கல், புட்டு, இடியாப்பம், அடை, கேழ்வரகுக் களி என்று ஒரு வாரத்தைக் கோதுமையே இல்லாமல் ஓட்டிவிடலாம். ஆனால் இந்தத் தெம்பில்தான் கவனம் தவறுகிறது.

பெருங்காயத்திலிருந்து தொடங்குகிறேன். கடையில் விற்பது பெரும்பாலும் கலவைப் பெருங்காயம். பிசினையும் மாவையும் சேர்த்துத்தான் அதைச் செய்கிறார்கள். அந்த மாவு பல நேரம் கோதுமை அல்லது மைதா. கட்டிப் பெருங்காயம் என்றால் சுத்தமானது என்று நம் வீடுகளில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. கட்டியிலும் மாவு உண்டு. சாம்பார், ரசம், மோர், ஊறுகாய், சுண்டல் என ஒரு நாளில் எத்தனை முறை அதைப் போடுகிறோம் என்று எண்ணிப் பாருங்கள். அரிசி மாவு சேர்த்துச் செய்த பெருங்காயம் கிடைக்கிறது. டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள். படிக்க முடியாத அளவுக்குச் சிறிய எழுத்தாக இருந்தால் வைத்துவிடுங்கள். வீட்டில் செய்த ஊறுகாய், சாம்பார்ப் பொடி எதுவானாலும் எந்தப் பெருங்காயம் போட்டது என்று அம்மாவிடம் கேட்காமல் பெட்டியில் வைக்காதீர்கள்.

அடுத்தது மாவு மில். முத்தியால்பேட்டையானாலும் கடலூர் மஞ்சக்குப்பமானாலும் ஒரே இயந்திரத்தில்தான் ஒருவர் கோதுமை அரைத்துவிட்டுப் போவார், அடுத்தவர் பச்சரிசி கொட்டுவார். முன்னால் அரைத்த மாவு கல்லிலும் துணிக்குழாயிலும் ஒட்டியிருக்கும். மில்காரர் நல்லவர்தான், முதலில் விழும் மாவை ஒதுக்கியும் தருவார். சீலியாக் உள்ளவருக்கு அது போதாது. ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் குளூட்டன் இல்லாத உணவு என்று எழுத வேண்டுமானால் ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது. மில்லில் அந்தக் கணக்குக்கு யாரும் உறுதி தர முடியாது. எனவே நாங்கள் மாவு கொண்டுபோவதையே நிறுத்திவிட்டோம். அரிசியும் உளுந்தும் கேழ்வரகும் முழுதாகப் போகின்றன. கல், வேறு தானியம் பொறுக்கிக் கழுவி அங்கேயே அரைக்கிறோம். டேபிள் டாப் கிரைண்டரும் மிக்ஸியும் பிரான்சில் ஓடும். இரண்டு நாட்டிலும் 230 வோல்ட்தான், பிளக்குக்கு மட்டும் அடாப்டர் வேண்டும்.

சத்துமாவில் கோதுமையோ பார்லியோ சேர்க்காத வீடு அபூர்வம். பாலில் கலக்கும் மால்ட் பானங்கள் பார்லியும் கோதுமையும் கொண்டவை. ரவையும் சேமியாவும் கோதுமை என்பது பலருக்கு உப்புமா கிண்டும்போது நினைவுக்கு வருவதே இல்லை. கேழ்வரகுச் சேமியாவில்கூடக் கோதுமை கலப்பதுண்டு.

பாரிசில் நம்மவர்களுக்கு லா ஷப்பேல் இருக்கிறது. கார் து நோர் ரயில் நிலையத்திலிருந்து நடந்தால் ஈழத்தமிழர் கடைகள் வரிசையாக வரும். சிவப்பரிசி, குரக்கன் (நம் கேழ்வரகு), ஒடியல் மா (பனங்கிழங்கு மாவு) எல்லாம் அங்கே கிடைக்கும். ஆனால் நம் ஊர் இடியாப்பம் என்று நினைத்து அங்குள்ள உணவகத்தில் கேட்காமல் சாப்பிட்டுவிடாதீர்கள். அவித்த கோதுமை மாவில் இடியாப்பமும் புட்டும் செய்வது அவர்களுடைய வழக்கத்தில் உண்டு. கொழுக்கட்டையிலும் சிலர் கோதுமை மா சேர்ப்பார்கள். "அண்ணா, இது முழுக்க அரிசி மாவா, கோதுமை மாவும் கலந்திருக்கிறதா?" என்று நேராகக் கேளுங்கள். பொறுமையாகப் பதில் சொல்லும் மனிதர்களைத்தான் நான் பார்த்திருக்கிறேன். வடை அரிசியும் பருப்புமாகவே இருந்தாலும், கோதுமை மாவில் சுற்றும் ரோல்ஸ் பொரித்த எண்ணெயில் பொரித்திருந்தால் வேண்டாம்.

பிரெஞ்சு லேபிளைப் படிக்கப் பெரிய படிப்பு தேவையில்லை. ஐரோப்பியச் சட்டப்படி கோதுமை போன்ற பொருள்களைத் தடித்த எழுத்திலோ வேறு வகையிலோ தனித்துக் காட்டியாக வேண்டும். ப்ளே (blé) என்றால் கோதுமை, ஓர்ஜ் (orge) பார்லி, செக்ல் (seigle) ரை, எபோத்ர் (épeautre) கோதுமையின் பழைய இனம். ப்ளே நுவார் (blé noir) என்று இருந்தால் பயப்பட வேண்டாம். அது சரசான் (sarrasin) எனப்படும் வேறு தானியம், குளூட்டன் இல்லாதது. பிரான்சின் பிரித்தானி பகுதியில் அதில் தோசை போல மெல்லிய கலெத் சுடுவார்கள். கோதுமை கலக்காத மாவா, தனிக் கல்லா என்று கேட்டுவிட்டு உட்காருங்கள். 2015 முதல் உணவகங்களும் இந்தப் பொருள்களை எழுத்தில் காட்ட வேண்டும் என்பது பிரான்சில் சட்டம். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதே இல்லை. "ஜெ சுயி செலியாக்" (எனக்குச் சீலியாக் நோய் இருக்கிறது) என்ற வாக்கியத்தை முதலில் மனப்பாடம் செய்யுங்கள்.

லியோனில் படிக்கும் கடலூர்த் தம்பி ஒருவர், விடுதியில் எல்லோருக்கும் ஒரே சமையலறை, என்ன செய்வது என்று கேட்டிருந்தார். தம்பி, உங்களுக்கென்று ஒரு தவா, ஒரு குக்கர், ஒரு வடிகட்டி, ஒரு மரக்கரண்டி, பாத்திரம் தேய்க்கும் பஞ்சு ஆகியவற்றை வாங்கி அறையிலேயே பூட்டி வையுங்கள். மற்றவர்கள் சப்பாத்தி போட்ட கல்லில் தோசை ஊற்ற வேண்டாம். பொது ரொட்டி டோஸ்டரைத் தொடவே வேண்டாம். கூட இருப்பவர்களிடம் முதல் வாரத்திலேயே சொல்லிவிடுங்கள். மறைத்து வைத்தால் பிறந்தநாள் கேக்கை மறுக்கும்போது வீண் மனத்தாங்கல் வரும்.

பணம் பற்றி: குளூட்டன் இல்லாத ரொட்டி, பாஸ்தா, மாவு ஆகியவற்றின் விலை அதிகம். சிறுகுடல் திசுச் சோதனையில் நோய் உறுதியானவர்களுக்குப் பிரெஞ்சு மருத்துவக் காப்பீடு இதில் ஒரு பகுதியைத் திருப்பித் தருகிறது. பெரியவர்களுக்கு மாத உச்சவரம்பு சுமார் 45 யூரோ, பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குச் சுமார் 33 யூரோ. அதில் பொதுவாக 60 சதவீதம் கிடைக்கும். காப்பீட்டுப் பட்டியலில் உள்ள பொருள்களின் உறையில் இருக்கும் ஒட்டுச் சீட்டைப் பிரித்துப் படிவத்தில் ஒட்டி அனுப்ப வேண்டும். கார்த் வித்தால் என்ற மருத்துவக் காப்பீட்டு அட்டை கைக்கு வந்ததும் இதைப் பற்றி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். பலர் கேட்காமலேயே விட்டுவிடுகிறார்கள், அது எனக்கு மிகவும் வருத்தம். பள்ளிக்குப் போகும் பிள்ளை என்றால் பே-ஆ-ஈ (PAI) என்ற தனித் திட்டத்தைப் பள்ளியோடும் மருத்துவரோடும் சேர்ந்து எழுதிக்கொள்ளலாம். வீட்டுச் சாப்பாட்டைக் கான்டீனுக்குக் கொடுத்தனுப்ப அதுதான் வழி.

துணைக்கு ஆள் தேடுகிறவர்கள் அஃப்தியாக் (AFDIAG) என்ற பிரெஞ்சுச் சீலியாக் சங்கத்தில் சேருங்கள். குறுக்குக் கோடிட்ட கோதுமைக் கதிர்ச் சின்னத்தைப் பிரான்சில் பொருள்களுக்கு வழங்குவது அவர்கள்தான். பிரெஞ்சு தடுமாறினாலும் பரவாயில்லை. இதே நோயோடு பல ஆண்டுகள் வாழ்ந்தவர்களுடன் பேசும்போது, மருத்துவமனைக் காகிதத்தில் இல்லாத எத்தனையோ தெரியவருகிறது. நம் புதுச்சேரிக் குடும்பங்களில் கோவிலுக்குப் போகிறவர்கள் பிரசாதத்தை என்ன மாவு என்று கேட்டு வாங்கலாம். மாதா கோயிலுக்குப் போகிறவர்கள் பங்குத்தந்தையிடம் முன்கூட்டியே பேசுங்கள். நற்கருணை அப்பத்தில் கோதுமை அறவே இல்லாமல் இருக்கக் கூடாது என்பது கத்தோலிக்கத் திருச்சபையின் விதி. ஆனால் மிகக் குறைந்த குளூட்டன் உள்ள அப்பத்துக்கு அனுமதி உண்டு. அதுவும் ஒத்துக்கொள்ளாதவர்கள் திராட்சை ரசம் மட்டும் பெறலாம். அந்தக் கிண்ணத்தில் அப்பத் துண்டு போட்டிருக்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மருத்துவர் சொல்லும் இடைவெளியில் ரத்தத்தில் எதிர்ப்பொருள் அளவைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ரொட்டியை அறவே விட்டு ஓராண்டு கழிந்தும் அந்த எண் இறங்க மறுத்தால், மசாலா அலமாரியைத் திறந்து ஊரிலிருந்து வந்த ஒவ்வொரு பொட்டலத்தையும் எடுத்துப் பாருங்கள்.

ஊரில் இருக்கும் பெற்றோர், உடன்பிறந்தார், பிள்ளைகள் ஆகியோருக்கும் இந்த நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். அவர்களையும் சோதித்துக்கொள்ளச் சொல்லுங்கள். முதலில் டிடிஜி என்ற ரத்தப் பரிசோதனை, தேவைப்பட்டால் எண்டாஸ்கோப்பி. புதுச்சேரி, கடலூர்க்காரர்களுக்கு ஜிப்மர் மருத்துவமனையின் இரைப்பை குடல் மருத்துவத் துறை பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் பயந்துபோய்ச் சோதனைக்கு முன்பே சப்பாத்தியை நிறுத்திவிடக் கூடாது. கோதுமையை நிறுத்திய உடம்பில் நோய் இருந்தாலும் சோதனையில் தெரியாமல் போய்விடும். ரத்தம் கொடுத்து, குடல் சோதனையும் முடியும் வரை வழக்கம்போலச் சாப்பிடட்டும்.