தொடைத் தசையில் வீக்கம்: பயாப்ஸி தேவைதானா?

என் அண்ணனுக்கு வயது 46. சர்க்கரை நோய் வந்து 19 ஆண்டுகள். விழித்திரையிலும் சிறுநீரகத்திலும் ஏற்கெனவே பாதிப்பு உண்டு.

ஐந்து வாரங்களுக்கு முன் இடது தொடையின் முன்பக்கம் திடீரென வலித்தது. அடிபடவில்லை, காய்ச்சலும் இல்லை. இரண்டே நாளில் தொடை வீங்கிப் பலகை போல் இறுகிவிட்டது. போர்வை பட்டாலே பல்லைக் கடிக்கிறார். வலியை வெளியே சொல்லும் ஆளே இல்லை அவர்.

முதலில் ரத்தக்கட்டி என்று சந்தேகித்தார்கள். டாப்ளர் ஸ்கேனில் ஒன்றும் இல்லை. பிறகு தோலடித் தொற்று என்று பத்து நாள் ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். வீக்கம் அப்படியே இருக்கிறது. வெள்ளணுக்கள் இயல்பு, சி.கே. (தசை சிதைந்தால் ரத்தத்தில் கூடும் நொதி) சற்றே கூடுதல், எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை அளவு) 11.2. எம்.ஆர்.ஐ.யின் டி2 படங்களில் (நீர் கோத்த இடம் வெள்ளையாகத் தெரியும் வகை) முன்தொடைத் தசைகள் வெள்ளையாகப் பளிச்சிடுகின்றன; சீழ்க்கட்டி தெரியவில்லை. சிறுநீரகத்தை எண்ணி, படத்தைத் தெளிவாக்கும் கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்தவில்லை.

இது டயாபெடிக் மயோநெக்ரோசிஸ், அதாவது ரத்த ஓட்டம் தடைபட்டுத் தசை இறந்துபோகும் அரிய நிலை என்கிறார் ஒரு மருத்துவர். ஓய்வும் வலிநிவாரணியும் சர்க்கரைக் கட்டுப்பாடும் போதும், கத்தி வைத்தால் குணமாக இன்னும் நாளாகும் என்பது அவர் கருத்து. இன்னொருவரோ பயாப்ஸி செய்யாமல், அதாவது தசைத் துணுக்கை எடுத்துச் சோதிக்காமல், உறுதிப்படுத்த முடியாது என்கிறார். நாங்கள் நடுவில் நிற்கிறோம்.

இந்த நோயைப் பார்த்த மருத்துவர்களோ அனுபவித்தவர்களோ இருந்தால் சொல்லுங்கள்: கான்ட்ராஸ்ட் இல்லாத இந்த எம்.ஆர்.ஐ.யை நம்பி, பயாப்ஸி இல்லாமலே சிகிச்சையைத் தொடரலாமா?