தூரத்து ஹரிக்கேன், வெயிலடிக்கும் கரை: படகை இறக்கலாமா?

அமெரிக்கக் கிழக்குக் கரையில் படகு ஓட்டும் நண்பர்கள் யாராவது சொல்லுங்களேன். ஹரிக்கேன் புயல் கரையிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது, கரைக்கு வராது என்கிறார்கள். இங்கே வானம் பளிச்சென்று இருக்கிறது, காற்றும் இல்லை. ஆனால் மிதவைக் கருவியில் அலை உயரம் 1.2 மீட்டர்தான் என்றாலும், அலைக்கும் அலைக்கும் இடைவெளி 15 விநாடி காட்டுகிறது.

உயரத்தைவிட இந்த 15தான் என்னை உறுத்துகிறது. இவ்வளவு நீண்ட இடைவெளியுள்ள அலைக்கூட்டம் ஆழ்கடலில் ஒரு நாளில் சுமார் 1000 கிலோமீட்டர் கடந்துவிடும். கரையருகே ஆழம் குறையும்போது சட்டென்று எழும்பும். நம்மூர் மீனவர்கள் கள்ளக்கடல் என்பது இதே ரகம்தான். 2019இல் லொரென்சோ என்ற ஹரிக்கேன் ஐரோப்பா பக்கம் போய்க்கொண்டிருந்தபோதே இந்தக் கரையில் இழுவை நீரோட்டத்தில் சிலர் இறந்தார்கள். அதனால் குளிக்க இறங்குவதில்லை என்று முடிவாகிவிட்டது. (வீட்டில் கொஞ்சம் முணுமுணுப்பு, பரவாயில்லை.)

கேள்வி படகைப் பற்றி. முகத்துவாரத்தைத் தாண்டித்தான் கடலுக்குப் போக வேண்டும், படகோ சின்னது. நீர் வற்றி வெளியே ஓடும் நேரத்தில் எதிரே வரும் அலை செங்குத்தாக நிமிரும் என்று தெரியும். நீர் ஏறும் நேரம் பார்த்துப் போனால் போதுமா, அல்லது இந்த இடைவெளியில் எந்த நேரமும் வேண்டாமா? எத்தனை விநாடி வந்தால் நீங்கள் படகை இறக்க மாட்டீர்கள்? அப்புறம், புயல் விலகிய பிறகு எத்தனை நாள் காத்திருப்பீர்கள்? சனிக்கிழமைக்குள் பதில் கிடைத்தால் உதவியாக இருக்கும்.